மலைநாட்டில் பள்ளிக்கூட மணி

கொல்லிமலைக்குப் போய் வந்தவர்கள் முதலில் சொல்லுவது எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றித்தான். காரவள்ளி அடிவாரத்தில் ஆரம்பிக்கும் அந்தப் பாதை சோளக்காட்டை எட்டுவதற்குள் மோட்டாரில் போகும் மனிதருக்குத் தலை சுற்றிவிடுகிறது. அப்புறம் ஆகாய கங்கை, அறப்பளீசுவரர் கோயில், வல்வில் ஓரி, பலாப்பழம், மிளகு என்று பேச்சு வளரும். மலைமேல் பள்ளிக்கூடம் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, பிள்ளைகள் எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேருகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்தவரை நான் இதுவரை கண்டதில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக உபாத்தியாயராகக் காலம் தள்ளுகிறவனுக்கு அருவியைக் காட்டிலும் அந்த விசாரணையில்தான் ருசி அதிகம். ஆகையால் அருவியைப் பற்றி இந்தக் கட்டுரையில் ஒன்றும் இல்லை என்பதை நேயர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

கொல்லிமலையில் ‘நாடு’ என்றால் தேசமோ ராஜ்யமோ என்று எண்ணிவிட வேண்டாம். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு, திருப்புலி நாடு என்று வழங்கும் ஒவ்வொன்றும் பல சிற்றூர்கள் சேர்ந்த ஒரு கூட்டம்; இன்று ஒவ்வொன்றும் ஒரு கிராமப் பஞ்சாயத்து. இங்கே வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டு மலையாள தேசத்தார் என்று நினைப்பவர் உண்டு. அவர்கள் பேசுவது தமிழ். நம்மில் பலர் பேசுவதைவிடக் கலப்புக் குறைந்த தமிழ். ஊர் என்றால் சமவெளியில் இருப்பதுபோல் தெருவும் சந்தும் ஒட்டிக்கொண்டிருக்காது. இந்த மேட்டில் பத்து வீடு. ஓடையைத் தாண்டி அந்தச் சரிவில் எட்டு வீடு. நடுவே படிப்படியாக நெல் வயல். மேலே சாமைக் காடு. அதற்கும் மேலே மரவள்ளி.

ஆரம்பப் பாடசாலை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், நடுநிலைப் பாடசாலை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது நமது மாநிலத்தின் விதி. கீழ்நாட்டுச் சாலையில் ஒரு கிலோமீட்டர் என்பது கால்மணி நேரம். திருப்புலி நாட்டில் ஓடைக்குள் இறங்கி, வழுக்குப் பாறையில் ஏறி, வரப்பின் மேல் ஒருவர் பின் ஒருவராகப் போகும் ஒரு கிலோமீட்டர் என்பது வேறு விஷயம். ஐப்பசி கார்த்திகையில் மழையும் மூடுபனியும் சேர்ந்துகொண்டால் மாலை நாலரை மணிக்கே மரத்தடிகளில் இருட்டுக் கட்டிவிடுகிறது. ஆறு வயதுக் குழந்தை அந்த வழியில் தனியே போகாது. மூத்த பிள்ளை வரும் வரையில் காத்திருக்கும். கடைசி மணி அரை மணி நேரம் தாமதித்தால், அந்தச் சுமையைச் சுமப்பது குழந்தையின் கால்கள்தாம்.

இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், பள்ளிக்கூட வேளையை மாற்ற வேண்டும், பாடப் புத்தகத்துக்கு வெளியே பிள்ளைகளுக்கு இன்னும் பல வித்தைகளைக் கற்பிக்க வேண்டும் என்ற யோசனைகள் இப்போது நாலா பக்கமிருந்தும் வருகின்றன. 2020-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் பத்து நாள் புத்தகப் பையில்லாமல் பிள்ளைகள் தச்சர், குயவர், தோட்டக்காரர் முதலியோரிடம் பழக வேண்டும் என்கிறது. நமது மாநிலத்தில் 2022-ஆம் வருஷம் முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறார்கள். அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 2025-ஆம் வருஷம் உயர்நிலை வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு அரை மணி நேரம் கூட்டினார்கள். காலையில் மதரஸா வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று உடனே ஆட்சேபம் கிளம்பிற்று. அதே வருஷம் அங்குள்ள கல்வி மந்திரி, கோடை விடுமுறையை மழைக் காலமாகிய ஜூன், ஜூலை மாதங்களுக்கு மாற்றலாமா என்று ஜனங்களையே அபிப்பிராயம் கேட்டார். கேட்டது நல்ல காரியம். கடிகாரத்தைத் திருப்புகிறவர்கள் பெரும்பாலும் யாரையும் கேட்பதில்லை.

ஆனால், பள்ளிக்கூட வேளையைக் குறைப்பது, கைத்தொழில் கற்பிப்பது என்ற இரண்டு பேச்சும் ஒன்று சேர்ந்தால் தமிழ்நாட்டில் உடனே ஒரு சந்தேகம் எழுகிறது. அதற்குக் காரணம் 1953-ஆம் வருஷத்துச் சரித்திரம்.

அப்போது சென்னை ராஜ்யத்தின் முதன் மந்திரி ராஜாஜி. இந்தப் பிரதேசத்துக்கு அவர் அந்நியரல்ல. கொல்லிமலை அடங்கிய இன்றைய நாமக்கல் ஜில்லாவில்தான், திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில், 1925-ஆம் வருஷம் காந்தி ஆசிரமத்தை ஸ்தாபித்து, கதரும் மதுவிலக்குமாகக் கிராமத்தாரிடையே வாழ்ந்தவர். கிராமத்துக் குழந்தையிடம் அவருக்குப் பரிவு இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். அவர் முன்னிலையில் இருந்த சங்கடமும் உண்மையானதே. பதினாலு வயது வரையில் எல்லாக் குழந்தைகளுக்கும் பத்து வருஷத்துக்குள் இலவசக் கட்டாயக் கல்வி கொடுக்க முயல வேண்டும் என்று புதிய அரசியல் சட்டம் சொல்லிவிட்டது. கஜானாவிலோ பணம் இல்லை. ஜனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் எழுத்து வாசனை.

அவர் கண்ட வழி இது: கிராமங்களில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளை இரண்டு பிரிவாக்குவது. ஒரு பிரிவுக்குக் காலையில் மூன்று மணி நேரம். மற்றொரு பிரிவுக்குப் பிற்பகல் மூன்று மணி நேரம். அதே கட்டடம், அதே உபாத்தியாயர், இரண்டு மடங்கு பிள்ளைகள். மிச்சமுள்ள வேளையில் பிள்ளைகள் தகப்பனாரின் தொழிலையோ ஊரிலுள்ள வேறொரு கைத்தொழிலையோ பார்த்துப் பழகலாம். பெண்கள் வீட்டு வேலை கற்றுக்கொள்ளலாம். காகிதத்தில் கணக்கு அழகாகத்தான் இருக்கிறது!

எதிர்த்தவர்கள் அதற்குக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயர் சூட்டினார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது; இன்று வரையில் உதிரவில்லை. திராவிடர் கழகத்தாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் மறியல் செய்தார்கள். காங்கிரஸுக்குள்ளேயே பலருக்குச் சம்மதமில்லை. 1953 ஜூலை 29-ந் தேதி சட்டசபையில், திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற பிரேரணைக்கு இரு பக்கமும் 138 வோட்டு விழுந்து, பிரேரணை நிறைவேறாமற் போயிற்று. நிறுத்திவைத்து நிபுணர் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற மற்றொரு பிரேரணை 139-க்கு 137 என்று ஜயித்தது. பாருலேகர் தலைமையில் அமைந்த குழு திட்டத்தைப் பெரும்பாலும் ஆதரித்தே அறிக்கை கொடுத்தது. அதற்குள் அரசியல் காற்றே மாறிவிட்டது. 1954 ஏப்ரலில் ஸ்ரீ காமராஜ் முதன் மந்திரியானார்; மே 18-ந் தேதி கல்வி மந்திரி ஸ்ரீ சி. சுப்பிரமணியம் திட்டம் கைவிடப்பட்டது என்று அறிவித்தார்.

என் அபிப்பிராயத்தில் அந்தத் திட்டத்தின் பெரிய குறை, தொழில் கற்பித்தது அன்று. பட்டணத்துப் பிள்ளைக்கு முழு நாள், பட்டிக்காட்டுப் பிள்ளைக்கு மூன்று மணி என்று வகுத்தது முதற் குறை. தொழிலைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே வைத்தது இரண்டாவது. 1937-ஆம் வருஷம் வார்தாவில் மகாத்மா கூட்டிய மகாநாட்டின் விளைவாக, டாக்டர் ஜாகீர் ஹுஸேன் குழு வகுத்துக் கொடுத்த ஆதாரக் கல்வியிலும் கைத்தொழில்தான் நடுநாயகம். ஆனால் அங்கே தக்ளி பள்ளிக்கூடத்துக்குள் சுற்றியது. கற்பித்தவர் பயிற்சி பெற்ற உபாத்தியாயர். நூற்ற நூலை எண்ணும்போது கணிதம். பருத்தி எங்கே விளைகிறது என்று கேட்கும்போது பூகோளம். வக்கீல் வீட்டுப் பிள்ளையும் நெசவாளி வீட்டுப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து நூற்றார்கள். 1953-ஆம் வருஷத்துத் திட்டத்திலோ பிள்ளை எந்த வீட்டில் பிறந்ததோ அந்த வீட்டுக்கே மத்தியானம் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. இரண்டையும் ஒன்றென்று பேசுகிறவர்கள் இரு கட்சியிலும் இருக்கிறார்கள்.

திருப்புலி நாட்டை வைத்தே யோசித்துப் பார்ப்போம். 1953-ஆம் வருஷம் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் மத்தியானங்களில் தகப்பனோடு காட்டுக்குப் போய் என்ன கற்றிருப்பான்? சாமையும் தினையும் கேழ்வரகும் விதைக்கக் கற்றிருப்பான். அவனுக்கு நரை விழுவதற்குள் சரிவுகளில் மரவள்ளி பரவிவிட்டது. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கிக்கொண்டன. கையில் ரொக்கம் வந்தது. சாமையைக் குத்தி அரிசியாக்கும் உலக்கை வேலையிலிருந்து பெண்கள் தப்பித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஆகவே, மூன்று மணிப் படிப்பும் பரம்பரைத் தொழிலுமாக வளர்ந்திருக்கக்கூடிய அந்தப் பையனுக்கு நாற்பது வயதில் தொழிலும் மாறிவிட்டது. கிழங்கு விலைச் சீட்டை வாசிக்க எழுத்தும் போதவில்லை.

கதை அத்துடன் முடிந்திருந்தால் சாமையைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. ஆனால் 1990-களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இந்த மலையில் சிறுதானியங்களைக் காக்கும் வேலையில் இறங்கினார்கள். விதை வங்கிகள் ஏற்பட்டன. உமி நீக்கும் யந்திரங்கள் வந்தன. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் வருஷத்தைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிற்று. பட்டணத்து வைத்தியர்கள் சர்க்கரை வியாதிக்காரர்களிடம் சாமை சாப்பிடச் சொல்லுகிறார்கள். மலையில் ஏழைச் சோறாக இருந்தது கீழே மருந்துச் சோறாகிவிட்டது!

திருப்புலி நாட்டில் ஒரு திண்ணையில் ஓர் ஆயா முறத்தில் விதை புடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். “இது என்ன சாமை, ஆயா?” என்று கேட்டேன். “எந்தச் சாமைன்னு கேளுங்க, வாத்தியாரே!” என்றாள். வெள்ளைப் பெருஞ்சாமை, கரும்பெருஞ்சாமை, திரிகுலச் சாமை, மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை என்று மளமளவென்று அடுக்கினாள். எது சீக்கிரம் விளையும், எது தாமதிக்கும், எந்த மண்ணுக்கு எது பொருந்தும் என்பதெல்லாம் அவளுக்குக் கையிலேயே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேரன் ஐந்தாம் வகுப்பு. பூவின் பாகங்களைப் படம் போட்டுக் குறித்துக் காட்டினான். பாட்டியின் முறத்திலிருந்த சாமைகளில் ஒன்றைக்கூட அவனுக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. பையனுக்கும் பாட்டிக்கும் நடுவே ஒரு முறம் தூரம். அந்தத் தூரத்தைக் கடக்க அவனைப் படிப்பிலிருந்து பிடுங்கிக் காட்டுக்கு அனுப்ப வேண்டுமா? பாட்டியைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வந்தால் போதாதா?

ஒரு சாமைக் கதிரை மேஜைமேல் வைத்துக்கொண்டு நல்ல உபாத்தியாயர் ஒரு வாரம் பாடம் நடத்தலாம். ஒரு படியில் எத்தனை மணி என்று எண்ணாமல் கண்டுபிடிக்கச் சொன்னால் அது கணக்கு. சரிவில் மரவள்ளிக் கிழங்கைத் தோண்டி எடுத்த பிறகு மழை பெய்தால் மண் எங்கே போகிறது என்று ஓடை நீரைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்துத் தெளியவிட்டுப் பார்த்தால் அது விஞ்ஞானம். ஆயா சொன்ன பெயர்களை எழுதி, ஏன் அந்தப் பெயர் வந்தது என்று விசாரித்தால் அதைவிடத் தமிழ்ப் பாடம் ஏது? இதே பாடத்தை நாமக்கல் கடைவீதிக்குப் பக்கத்திலுள்ள பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் படிக்க வேண்டும். அவர்கள் படிக்காமல் மலைப் பிள்ளைகள் மட்டும் படித்தால், ‘உனக்குச் சாமை, எனக்குச் சங்கீதம்’ என்ற பழைய பங்கீடு மறுபடி வந்துவிடும். அதேபோலக் கீழேயிருந்து தூரதர்சினியும் ஹார்மோனியமும் கால்பந்தும் நல்ல புஸ்தகங்களும் மலையேறி வர வேண்டும். மிளகுக் கொடிக்காரர் மகள் வான சாஸ்திரத்தில் மனம் வைத்தால், அதற்கும் ஒரு கண்ணாடி வேண்டுமல்லவா?

சரி, இதற்கெல்லாம் வேளை எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டிப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பு வரையில் வருஷத்துக்கு 200 நாள், 800 மணி நேரம். ஆறு முதல் எட்டு வரையில் 220 நாள், 1000 மணி நேரம். அதாவது சிறு பிள்ளைக்கு நாளொன்றுக்கு நாலு மணி. பெரிய பிள்ளைக்கு நாலரை மணிக்குச் சற்று மேல். (1953-ஆம் வருஷத்து மூன்று மணியை இருநூறு நாளுக்குப் பெருக்கினால் 600 வரும், இன்றையச் சட்டத்தின் முன் அது தேறாது.) நமது பாடசாலைகள் காலை ஒன்பதரை வாக்கில் தொடங்கி மாலை நாலு மணி வாக்கில் முடிகின்றன. மத்தியான இடைவேளையைக் கழித்தாலும் ஐந்து மணிக்குக் குறையாது. ஆகவே, கடைசி மணியை ஒரு நிமிஷமும் தள்ளிப்போடாமல் பகலுக்குள்ளேயே ஒரு மணி நேரம் கிடைக்கிறது.

ஆனால் இந்தக் கணக்குக்குப் பின்னால் இன்னொரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அறுபது பிள்ளைகள் வரையில் இரண்டு உபாத்தியாயர் என்பது அதே சட்டத்தின் விதி. மலையிலுள்ள சிறு பாடசாலையில் வகுப்போ ஐந்து. ஒருவர் மூன்று வகுப்பையும் மற்றவர் இரண்டு வகுப்பையும் பார்த்தால், ஐந்து மணி நேரத்தில் ஒரு வகுப்புக்கு உபாத்தியாயரின் முகம் கிடைப்பது சராசரி இரண்டு மணி. அவர் பதிவேடு எழுதும் நேரத்தையும் கழிக்க வேண்டும். முழு நாள் பள்ளிக்கூடம் என்று நாம் பெருமையாகச் சொல்லுவதற்குள் இந்த இரண்டு மணி உட்கார்ந்திருக்கிறது. மணி அடிக்கும் வேளையை மாற்றுவதைக் காட்டிலும், பள்ளிக்கூடத்துக்குள் மூன்றாவது பெரிய மனிதர் ஒருவரைக் கொண்டுவருவது அவசரமான காரியம் என்று நான் எண்ணுவது இதனால்தான். பிற்பகல் இரண்டு மணியிலிருந்து மூன்று வரையில் ஆயாவோ, வயல் படி கட்டத் தெரிந்த பெரியவரோ, பாட்டுத் தெரிந்த இளைஞரோ மூன்று வகுப்பைக் கூட்டிவைத்துப் பேசிக்கொண்டிருந்தால், அந்த ஒரு மணி நேரமும் உபாத்தியாயர் எழுத்துக் கூட்டத் தெரியாத நாலைந்து பிள்ளைகளைத் தம் அருகே உட்கார்த்திக்கொள்ளலாம். ஆனால் அந்த மூன்றாவது மனிதரைக் காட்டி உபாத்தியாயர் பதவி ஒன்றைக் காலியாக வைத்துவிடக் கூடாது. அப்படிச் சிக்கனம் செய்யும் புத்தி சர்க்கார் காரியாலயங்களில் அவ்வப்போது தலைகாட்டுவதுண்டு.

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. கொரோனா வியாதியால் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்து பிள்ளைகள் எழுத்தை மறந்தபோது, 2021 அக்டோபர் 27-ந் தேதி ‘இல்லம் தேடிக் கல்வி’ ஆரம்பமாயிற்று. அந்தந்தச் சிற்றூரிலேயே படித்த ஒருவர், பெரும்பாலும் பெண், மாலையில் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் பக்கத்து வீட்டுக் குழந்தைகளைக் கூட்டி வைத்துக் கற்பித்தார். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. தொகை சிறிதுதான். ஆனாலும் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வந்து, கஞ்சி குடித்துவிட்டு, நாலு எட்டு நடந்தால் வகுப்பு. பாதையும் இருட்டும் குறுக்கே வரவில்லை. மலைநாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை ஒருவர் மலைமேல் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் கண்டிருக்க முடியாது.

சோற்றின் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூட வேளையை இந்த மாகாணத்தில் உண்மையில் மாற்றியது சோறுதான். சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் 1920-ஆம் வருஷம் நகரசபை தொடங்கிய மத்தியான உணவு, காமராஜ் காலத்தில் ராஜ்யம் முழுதும் பரவியது, ஸ்ரீ எம். ஜி. ராமச்சந்திரன் 1982-ல் சத்துணவாக விரித்தது எல்லாம் நேயர்கள் அறிந்தவை. 2022 செப்டம்பர் 15-ந் தேதி முதல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. முதற் கட்டத்தில் எடுத்துக்கொண்ட 1,545 பாடசாலைகளில் 237 பாடசாலைகள் எட்டாத மலைப் பிரதேசங்களில் உள்ளவை. மறு வருஷம் அரசு ஆரம்பப் பாடசாலைகள் எல்லாவற்றிலும் அடுப்பு மூண்டது. விடியற்காலையில் காட்டுக்குக் கிளம்பும் தாய்க்கு இதன் அருமை தெரியும். வாரத்தில் இரண்டு நாளாவது அந்தந்தப் பக்கத்தில் விளையும் சிறுதானியத்தைச் சமைக்கலாம் என்று உத்தரவிலேயே இடம் இருக்கிறது. அப்படியிருக்க, சாமை விளையும் மலைக்கு எழுபது வளைவு ஏறி ரவை வருவானேன்?

விடுமுறையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்காக நாமக்கல் ஜில்லாவில் கலெக்டர் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் நடக்கும். ஓரி மன்னனுக்கு ஒரு நாள் கிடைக்கும்போது, காப்பிப் பழம் பறிக்கும் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் வருகைப் பதிவேட்டில் பாதிப் பெயர் சிவப்பு மையில் நிற்பதை வருஷந்தோறும் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானேன்? அந்த நாலைந்து நாளை வேலைக்கென்று ஒப்புக்கொடுக்கச் சொல்லவில்லை. பிள்ளைகள் வராத நாட்களை ‘ஆப்ஸென்ட்’ என்று எழுதி மூடிவிடாமல், எந்த வாரம், எந்த ஊர், எந்தப் பயிர் என்று குறித்துவைத்து, தவறிய பாடத்தைப் பின்னால் நடத்த ஒரு ஏற்பாடு வேண்டும் என்கிறேன். பெற்றோர் மலையை விட்டு வெளியூர் வேலைக்குப் போய்விடும் வீடுகளில், அந்தப் பிள்ளையை ஆயாவிடம் விட்டுப் போகச் சொல்லுவதா, உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்ப்பதா என்பதையும் அப்போதே பேசிவிடலாம்.

ஆறாம் வகுப்புக்கு மேல் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் நிலைமை வேறு. அவர்களுக்குப் பாதை இல்லை. மாலை முழுதும் கையில் இருக்கிறது. சங்கீதமோ சித்திரமோ கம்ப்யூட்டரோ, எது கூட்டுவதானாலும் அங்கே ஆரம்பிப்பது எளிது. அங்கே கிடைக்கும் மாலை வேளையைக் காட்டி, நடந்து வரும் பிள்ளைக்கும் அதே அட்டவணையைப் போட்டுவிடாதிருந்தால் சரி.

இவற்றில் எதற்கும் டெல்லியிலிருந்தோ சென்னையிலிருந்தோ புதிய சட்டம் வர வேண்டியதில்லை. ஒவ்வொரு அரசுப் பாடசாலைக்கும் பெற்றோரே பெரும்பான்மையாக உள்ள மேலாண்மைக் குழு ஒன்று சட்டப்படி உண்டு. சுதந்திர தினத்தன்றும் காந்தி ஜயந்தியன்றும் கிராமசபை கூடுகிறது. திருப்புலி நாட்டுப் பெற்றோர் ஒருவரிடம் இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்லதுதான் வாத்தியாரே. ஆனா ஆயா வந்து சொல்லிக்கொடுத்தா அதுக்குக் கூலி உண்டுங்களா?” என்றார். உண்டு என்று எழுதிக்கொண்டுதான் பிரேரணையைக் கிராமசபைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்பதையும் அந்த வரியிலேயே குறித்துவிட வேண்டும்.